இடி இறங்கிய மாலையில் எங்கள் கணினி

எங்கள் கணினிக்கு அப்போது ஏழு வயது. அணைத்தால் மீண்டும் உயிர் பெறுவது நிச்சயமில்லை என்பதால், ஒரு வாரமாக அதை அணைக்காமலே வைத்திருந்தோம். பிளாப்பி எடுக்கும் பகுதி முன்பே செத்துவிட்டதால் நகல் எடுக்கவும் வழியில்லை. அக்காவின் இறுதியாண்டு புராஜெக்ட் முழுவதும் அதனுள்தான் இருந்தது. திங்களன்று கொடுக்காவிட்டால் அவளுக்கு ஓராண்டு வீண்.

கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் கோப்பைகள் வென்ற நான், அப்பாவின் முன் எழுந்து நின்றேன். "பழுதுபட்ட படகில் நடுக்கடலைக் கடக்க எண்ணுவது துணிவன்று, பிடிவாதம்! புதியது இன்றே தேவை."

சாலைக் கடைத்தெருவிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். "மைக் இல்லாமலே என்னமா பேசுதான்! ஓணத்துக்குக் கடைக்காரன் பழசை எடுத்துக்கிட்டுக் கொறஞ்ச வெலைக்குப் புதுசு தருவான். அதுவரைக்கும் இது ஓடும். மணி அடிச்சாச்சு, உக்காருடே."

"ஓணம் ஆவணியில அப்பா. எனக்குத் திங்கக்கிழமை" என்றாள் அக்கா, தட்டச்சை நிறுத்தாமல்.

நான் மறுப்புரையைத் தொடங்கினேன். அதற்குள் வானம் இருண்டு, கோட்டைப் பக்கம் முதல் இடி விழுந்தது. இடி கேட்டால் வீட்டிலுள்ள பிளக்குகளையெல்லாம் பிடுங்கிவிடுவது எங்கள் ஊரில் அனிச்சைச் செயல். அடுக்களையிலிருந்து அம்மா ஓடிவந்தாள்.

"அம்மா, வேண்டாம்! சேவ் பண்ணிக்கிடுதேன்!"

அக்கா விசையை அழுத்தினாள். அம்மா பிளக்கைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. மறுகணம் தெருவே அதிர்ந்தது.

மழை ஓய்ந்தபின் மூன்று முறை முயன்றோம். விசிறி சுற்றியது, திரையில் ஒளி வரவில்லை. அக்கா திருப்புளியை எடுத்து, ஹார்டு டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றினாள். "டப்பாதான் போச்சு. இது போயிருக்காது."

அப்பா மறுபடி சட்டையை மாட்டினார். பழவங்காடிக்கு அருகே, பாகங்களைப் பூட்டிக் கணினி செய்து தரும் கடையில், வேறொரு கணினியில் அதை இணைத்தார்கள். காத்திருந்தோம். அப்பாவின் விரல்கள் குடைக் கம்பியை ஓயாமல் நெருடின. புராஜெக்ட் திறந்தது. அக்கா கடைசிப் பக்கம்வரை இறங்கிப் பார்த்து, கண்ணைத் துடைத்தாள்.

அப்பா கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டார்: "இப்பமே எடுத்தா, ஓணத்து வெலைக்குத் தருவீங்களா?"

கடைக்காரர் தலையசைத்ததும், நான் தயாரித்து வைத்திருந்த முடிவுரையை விழுங்கிக்கொண்டு, புதுக் கணினியின் பெட்டியைத் தூக்க முன்னே சென்றேன்.