எந்த அணியிலும் இல்லாத சிறுமி

என் அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். சனிக்கிழமை மாலைகளில் சாரணர் படை நடத்துவாள். பதினொரு பிள்ளைகளோடு ஆரம்பித்தது இரண்டே வருடத்தில் தொண்ணூற்று நான்கு ஆகிவிட்டது. வீட்டில் கால் வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் கூடாரத் துணியும் கயிற்றுச் சுருளும்தான்.

"இனிமே இடமில்லன்னு சொல்லித் தொலையேன்க்கா!"

"வாசல்ல வந்து நிக்கிற பிள்ளை மூஞ்சியப் பாத்து நீ சொல்லு, பாப்போம்."

துணைக்கு ஒரே ஆள், அவளுடைய பள்ளித் தோழி. வங்கி உத்தியோகம். ஒரு முடிச்சுக்கூடப் போடத் தெரியாமல் வந்தவளுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தது அக்காதான்.

போன முகாமில் ஆற்றங்கரையிலிருந்து திரும்பியதும் சரிபார்த்தார்கள். அக்கா தலைகளை எண்ணமாட்டாள். அணித் தலைவர்கள் ஒவ்வொருவராக "எங்க அணி முழுசா இருக்கு" என்று குரல் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு அணிகளும் குரல் கொடுத்தன. அந்த வாரம்தான் சேர்ந்த ஒரு சிறுமியை இன்னும் எந்த அணியிலும் போட்டிருக்கவில்லை. யாரும் அவளைத் தேடவில்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் அக்காவுக்கு உறைத்தது. விழுந்தடித்து ஓடினாள். குழந்தை கரையில் உட்கார்ந்து ஷூவுக்குள் போன மணலைத் தட்டிக்கொண்டிருந்தது.

அன்று தோழியிடம் அக்கா குமுறி அழுதாள். "என்னால முடியலடி. இன்னும் நாலு பேரு வேணும்னு மாவட்ட அலுவலகத்துக்கு எழுதணும்."

"நீ அழாத. நானே எழுதறேன்" என்றாள் அந்த மகராசி.

எழுதினாள். பதிலும் வந்தது. பிள்ளைகளைக் கவனிக்க இயலவில்லை என்று அக்காவே ஒப்புக்கொண்டதாகத் தெரியவருவதால், இனி படையின் பொறுப்பு தோழிக்கு.

நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாள்! எனக்கு ரத்தம் கொதித்தது. அக்காவை இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"பிள்ளைங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றாள், கண்ணைப் பார்க்காமல்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேடி" என்றாள் அக்கா.

தோழி ஒரு படிவத்தை நகர்த்தினாள். "நீயா விலகினதா ஒரு கையெழுத்துப் போட்டுடு. பெத்தவங்க கேட்டா நல்லாருக்காது பாரு."

"போடாதக்கா!" என்று கத்தினேன். அக்கா பேனாவை எடுத்துவிட்டாள். விலகும் காரணம் என்ற இடத்தில் நிதானமாக எழுதினாள்: 'ஆற்றங்கரையில் ஒரு குழந்தையை விட்டுவிட்டு வந்தேன். அதை இவளிடம் சொல்லி அழுதேன்.'

கையெழுத்துப் போட்டுத் தோழியிடம் நீட்டினாள்.

"பெத்தவங்களுக்கு நீயே வாசிச்சுக் காட்டு."