பிள்ளையார் வயிற்று மீன்கள்

அந்த வருடம் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் பதினொரு பிள்ளையார்கள் தலைகீழாகச் சுவரில் சாய்ந்திருந்தார்கள். அப்பாவுக்கு விருத்தாசலத்தில் செராமிக் பொம்மைப் பட்டறையில் வேலை. தும்பிக்கை ஒடிந்தது, காது போனது எதுவும் விலை போகாது. சாமியை உடைத்துப் போட முதலாளிக்குப் பயம். அப்பாவின் தலையில் கட்டிவிடுவார். அம்மாவுக்கு அதைவிடப் பயம். நேராக நிறுத்தினால் பூ வைக்க வேண்டும், கற்பூரம் காட்ட வேண்டும். பதினொன்றுக்கும் யாரால் முடியும்? அதனால் தலைகீழாக வைத்துவிட்டாள். உள்ளே கூடாக, அடியில் ஓட்டையோடு செய்த பொம்மைகள். மழை பெய்ததும் ஓட்டை வழியாக எல்லார் வயிறும் நிறைந்துவிட்டது.

மூன்றாம் வகுப்பில் இருந்த எனக்கு அங்கேதான் மீன் கிடைத்தது. நூல் துண்டு மாதிரி இருந்துகொண்டு வாலை நெளித்து நெளித்து நீந்தும். யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் வற்றினால் சொம்பில் மொண்டு ஊற்றுவேன், இட்லித் துணுக்கு போடுவேன். ஒரு வாரம் வளரும், பிறகு திடீரென்று ஒருநாள் காணாமல் போய்விடும். காக்கையைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்து அழுவேன். அழும்போது கொசு கடிக்கும். அடித்துக்கொண்டே அழுவேன்.

அப்போது ஊரெங்கும் சிக்குன்குனியா. எங்கள் தெருவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அப்பா கட்டிலை விட்டு எழுவதற்குள் விடிந்து வெயில் ஏறிவிடும். கொசு மருந்து வண்டி புகை அடிக்க வந்த அன்று, எல்லாரும் ஜன்னலைச் சாத்த ஓடினார்கள்; நான் சாக்கை எடுத்துக்கொண்டு பிள்ளையார்களை மூட ஓடினேன். நாலு நாள் நிம்மதியாகத் தூங்கினோம். ஐந்தாம் நாள் கொசுக்கள் குடும்பத்தோடு திரும்பிவிட்டன.

"மருந்துல தண்ணிய கலந்து அடிக்கிறானுங்க" என்றார் அப்பா.

அம்மாவின் தீர்ப்பு வேறு. எதிர்வீட்டு அத்தையின் தண்ணீர்த் தொட்டிதான் காரணம் என்றாள். சொந்தம் இல்லை, நாங்கள் அப்படிக் கூப்பிடுவோம். பட்டறையிலிருந்து வரும் பொம்மைகளுக்கு வீட்டில் உட்கார்ந்து கண் எழுதித்தான் அத்தை பிழைத்தார். காய்ச்சல் விட்டும் அவருக்கு விரல் மடங்கவில்லை. கண்ணில்லாத பொம்மைகள் கூடம் முழுக்கக் காத்திருந்தன. "தொட்டிய ஒழுங்கா கழுவியிருந்தா அவங்களுக்கே வந்திருக்காதே" என்று அம்மா தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். பேச்சு நின்றது. அத்தையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள எனக்கும் பயிற்சி கொடுக்கப்பட்டது.

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அக்கா டார்ச்சோடு வந்தபோது, அம்மாவே முன்னால் நடந்து அவரை எதிர்வீட்டுக்கு அழைத்துப்போனாள். தொட்டி பளிச்சென்று இருந்தது. ஒரு புழு இல்லை.

அத்தை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "அப்படியே அவங்க வூட்டுப் பின்னாடியும் பாத்துட்டுப் போயிடுங்கம்மா" என்றார்.

முதல் பிள்ளையாரைச் சாய்த்ததுமே நெளிய நெளியக் கொட்டியது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான், "ஐயோ, என் மீனு!" என்று அலறினேன்.

"மீனா? இதுங்கதான் பாப்பா றெக்க மொளச்சு ஊரையே கடிச்சிருக்குது. புகை அடிச்சா பறக்குறதுதான் சாவும். தண்ணிக்குள்ள கெடக்குறதுக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டே அக்கா பதினொன்றையும் கொட்டினார். என் காதில் ஒரு வார்த்தை ஏறவில்லை. மண்ணில் துடித்த மீன்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே அம்மா ரசத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. எனக்கோ அது பச்சைத் துரோகமாகப் பட்டது. மீன்களைக் காட்டிக்கொடுத்ததே அந்த அத்தைதானே!

அடுத்த வாரம், வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் பொம்மைகளை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். அத்தை வாசலில் பெயிண்ட் டப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, இந்த மூடிய மட்டும் தெறந்து குடுத்துட்டுப் போ கண்ணு."

"மாட்டேன் போங்க" என்று ஓடினேன். எங்கள் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. டப்பாவை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, உள்ளங்கையால் மூடியை அழுத்தித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. அன்றைக்கு, என் மீன்களைக் கொன்றவருக்கு நல்ல பாடம் புகட்டிவிட்டதாக நினைத்து, ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.