சாம்பிராணிக் களிம்பும் சாகாத பாக்டீரியாவும்

மூலிகைச் சரக்குகளைச் சோதிக்கும் லேபில் வேலை என்றால், கட்டணம் கட்டி வந்தவரிடமே "உங்க சரக்கு வேலை செய்யல" என்று சொல்லும் வேலை. வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் இப்படி வந்து உட்காருங்கள். உங்களுக்குத்தான் என் கோபம் புரியும்.

இரண்டு தட்டுகள்

எங்கள் லேப் மலேசியாவில், கிள்ளானில் இருக்கிறது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர், சாம்பிராணிப் பிசினில் செய்த களிம்பைக் கொண்டு வந்தார். தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, களிம்பு தோய்த்த காகித வில்லையை நடுவில் வைத்தேன். சாதாரணச் சீழ்ப் புண்ணில் இருக்கும் வகை, மறுநாள் வில்லையைச் சுற்றி வட்டமாகச் செத்திருந்தது. பிசினில் இருக்கும் எண்ணெய்ப் பொருள்கள் பாக்டீரியாவின் சவ்வுக்குள் நுழைந்து அதை ஓட்டையாக்கிவிடும். உள்ளே இருப்பது ஒழுகி, அது சாகும். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது தட்டில் பச்சைச் சீழ் உண்டாக்கும் வகை. அதற்குச் சவ்வின் மேல் இன்னொரு உறை உண்டு. பிசின் அதைத் தாண்டவில்லை. வில்லையின் ஓரம்வரை செழிப்பாக வளர்ந்திருந்தது. முதலாளி வந்ததும் இரண்டையும் காட்டி விளக்கினேன். அவர் முதல் தட்டை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"ரெண்டாவது தட்ட நான் பாக்கவே இல்ல மிஸ், நீங்களும் மறந்துடுங்க லா."

மேனேஜரின் அறிவுரை

கொஞ்ச நாளில் அந்தக் களிம்பு டின்னில் அடைபட்டு, கிள்ளான் லிட்டில் இந்தியா கடைகளில் விற்பனைக்கு வந்தது. டின்மேல் இப்படி ஒட்டியிருந்தது: 'எல்லாப் புண்களுக்கும். எல்லாக் கிருமிகளையும் கொல்லும்.' கீழே எங்கள் லேபின் பெயர்! ஒன்றை வாங்கிப் போய் மேனேஜர் மேசையில் டொக்கென்று வைத்தேன். ரிப்போர்ட்டில் இரண்டு முடிவுகளையும் எழுதித்தானே கொடுத்தோம் என்று கத்தினேன். அவர் டின்னைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவரு என்ன ஒட்டுனா நமக்கென்ன? ரெகுலர் கஸ்டமர் லா, போய் சாப்புடுங்க."

ஜெஞ்சாரோம் அக்கா

ஒரு மத்தியானம் பக்கத்து ஊரான ஜெஞ்சாரோமிலிருந்து ஓர் அக்கா, டின்னில் இருந்த பெயரை விசாரித்துக்கொண்டே லேப் வாசலுக்கு வந்துவிட்டார். புருஷன் லோரி ஓட்டுகிறவர். அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, உண்டு. காலில் புண். இந்தக் களிம்பை இன்னும் எத்தனை நாள் பூசணும் என்று கேட்க வந்திருந்தார். போனில் படத்தைக் காட்டினார். விரல்கள் கறுத்து, பச்சையாகச் சீழ். எனக்கு அந்த இரண்டாவது தட்டுதான் ஞாபகம் வந்தது.

அக்காவைக் காரில் ஏற்றி ஜெஞ்சாரோமுக்கு ஓட்டினேன். அவர் புருஷனைத் தாங்கிப் பிடித்து ஏற்றி, நேரே மருத்துவமனை. ஒரு விரலை எடுத்துவிட்டார்கள், கால் தப்பியது. அந்த முதலாளியைத் திட்டித் தீர்க்க வாயைத் திறந்தபோது, அக்கா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"எனக்குக் கடைக்காரரத் தெரியாது மிஸ். உங்க லேபு பேரு இருந்துச்சு, அதான் நம்புனேன்."

முதலாளியின் கேள்வி

மறுநாள் காலை மேனேஜரிடம் அனுமதி கேட்கவில்லை. இரண்டு தட்டுகளின் படங்களோடும் அக்கா கொடுத்த டின்னோடும் சுகாதார இலாகாவில் புகார் கொடுத்தேன். அதிகாரிகள் வந்து கடைகளிலிருந்து டின்களை அள்ளிப் போனார்கள். மேனேஜர் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். வேலை தப்பியதே அதிசயம்.

முதலாளி நேரிலேயே வந்தார். கால் புண்ணான மனிதர் எப்படி இருக்கிறார் என்று கேட்பார் என நினைத்தேன். விரலை எடுத்த கதையை நானே சொன்னேன். காதில் வாங்காமல் கவுண்டரைத் தட்டினார்.

"சாமிக்குப் போடுற சாம்பிராணி மேல கம்ப்ளேன் குடுத்திருக்க, நீயெல்லாம் ஒரு தமிழச்சியா?"

இத்தனைக்கும், தினமும் என் கைபடும் பாக்டீரியாக்களோடு எனக்கு இதுவரை ஒரு தகராறும் வந்ததில்லை.