இறங்கிட்டேன், ஏறிட்டேன்

என் ஐடி போய் எட்டு மாதமாகிறது. எங்கள் தொழிலில் வேலை போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை, ஐடி போய்விட்டது என்றுதான் சொல்வோம். ஆப்பைத் திறந்தால் நம் படம் சாம்பல் நிறத்தில் தெரியும், அவ்வளவுதான். ஒரு மேஸ்திரி வந்து திட்டி அனுப்பியிருந்தால் நாலு வார்த்தை திருப்பித் திட்டிவிட்டு வந்த திருப்தியாவது மிஞ்சியிருக்கும். ஆப்பை யார் திட்டுவார்கள்? நான் திட்டினேன், அது வேறு விஷயம்.

தங்கவயலில் நந்திதுர்க் பக்கம், சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டின வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறேன். தனியாகத்தான். கணவர் போன கதையைச் சொன்னால் எனக்கே கொட்டாவி வரும், விட்டுவிடுகிறேன். ஏழு வருடம் தினமும் ரயிலேறி பெங்களூர் போய், ஆப்பில் கூப்பிடுகிறவர்களின் வீட்டுக்கே போய் ஃபேஷியல், வேக்சிங் எல்லாம் செய்துகொண்டிருந்தேன். எனக்கு வேறு தொழில் தெரியாது. வேறு துணையும் கிடையாது. லேடீஸ் பெட்டியில் கூட வந்த நாலு பெண்களும் அந்த வேலையும்தான் எனக்குச் சொந்தபந்தம்.

நாங்கள் ஐந்து பேருமே சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகள். சுரங்கம் ஓடிய காலத்தில் அப்பா ஷிப்டுக்குப் போகும்போது பலகையிலிருந்து ஒரு பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்குவார். ஏறி வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். ஷிப்டு முடிந்தும் ஒரு ஆணி காலியாக இருந்தால் கூட இறங்கின யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்களாம். ஐந்து வீட்டிலும் இதே கதைதான்.

எங்கள் வேலையோ முன்பின் தெரியாத வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற வேலை. அதனால் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்துக்கொண்டோம். வாசல் மணியை அடிக்கும் முன் "இறங்கிட்டேன்" என்று போட வேண்டும். வெளியே வந்ததும் "ஏறிட்டேன்." பன்னிரண்டாவது மாடிக்கு லிப்டில் போகிறவளும் "இறங்கிட்டேன்" என்றுதான் போடுவாள். யார் ஆரம்பித்தது என்று ஞாபகமில்லை. யாருக்கும் அது விசித்திரமாகவும் படவில்லை.

என் ஐடி போன அன்றைக்கு எங்களில் சின்னவள், தங்கவயலிலேயே மைசூர் மைன்ஸ் பக்கத்துக்காரி, ஒரு புது வீட்டுக்குப் போனாள். காலை பத்தே காலுக்கு "இறங்கிட்டேன்" போட்டாள். ஒரு மணி நேர வேலை. பன்னிரண்டு ஆகியும் "ஏறிட்டேன்" வரவில்லை. நான் அப்போது இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டில், ஒரு அம்மாவின் முகத்தில் பூச்சு பூசிக்கொண்டிருந்தேன். பாதி முகம் பச்சையாகியிருந்தது. ஒரு கையால் போன் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நாலாவது தடவையும் அவள் எடுக்காதபோது பூச்சுக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"அம்மா, ஒரு பத்து நிமிஷம், ஓடிப் போயிட்டு வந்துடறேன்" என்றேன். கண்மேல் வெள்ளரி வில்லையோடு படுத்திருந்த அந்த அம்மா, "எங்க? எதுக்கு?" என்று எழுந்து உட்கார, ஒரு வில்லை மடியில் விழுந்தது. பதில் சொல்ல நான் அங்கே இல்லை. பாவம், அந்த அம்மாவின் மேல் தப்பே கிடையாது. பாதி முகத்தோடு விட்டுவிட்டு ஓடினவளைப் பற்றி நானாயிருந்தாலும் புகார்தான் கொடுத்திருப்பேன்.

மூச்சிரைக்க ஓடினேன். அந்த வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே எங்கள் சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் ஒரு வயதான அம்மா எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடிப்பாவி! போன் எங்கடி?"

"பையில கீதுக்கா. சைலன்ட்ல போட்டேன், எடுக்க மறந்துட்டேன். இன்னாக்கா ஆச்சு, இப்டி ஓடியார்றே?"

"ஏறிட்டேன்னு போடலியே சனியனே!"

அவள் முகம் செத்துவிட்டது. "உக்காருன்னு சொன்னாங்கக்கா. டீ குடுத்தாங்க. அதான் உக்காந்துட்டேன்" என்றாள்.

ஓங்கி ஒரு அறை விடத்தான் கை போனது. ஆனால் ஏழு வருடத்தில் எத்தனை வீட்டுப் படி ஏறியிருப்பேன், ஒரு வீட்டில்கூட உட்கார் என்று ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு அவள் மேல் பொறாமை வந்தது. வெட்கமாயிருந்தாலும் அதுதான் உண்மை.

சாயங்கால ரயிலில் வரும்போதே என் படம் சாம்பலாகிவிட்டது.

பத்து நாள் மல்லுக்கட்டிய பிறகு கம்பெனியிலிருந்து ஒரு மனிதக் குரல் கூப்பிட்டது. சின்னப் பெண்ணின் குரல், மரியாதையான கன்னடம். உங்களுக்கு ஏதாவது ஆபத்தா மேடம் என்று கேட்டாள். இல்லை என்றேன். கஸ்டமருக்கு? இல்லை. அப்படியென்றால் யாருக்கு? என் கூட வேலை செய்கிறவளுக்கு என்று நினைத்தேன் என்றேன். டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. "அவங்க தனி பார்ட்னர் மேடம், நீங்க தனி பார்ட்னர். கூட வேலை செய்யறவங்கன்னு இந்த லிஸ்ட்ல ஒண்ணும் இல்ல" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அது எந்த லிஸ்டிலும் இல்லை.

எங்களைப் போன்றவர்களுக்கென்று கர்நாடகத்தில் இப்போது சட்டமே வந்திருக்கிறது. நிறுத்துவதற்கு முன் காரணத்தை எழுதித் தர வேண்டும், முறையிட ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறதாம். மனுப் போட்டேன், ஒரு நம்பர் வந்திருக்கிறது, காத்திருக்கிறேன். நல்ல சட்டம்தான், குறை சொல்லவில்லை. எனக்கும் கம்பெனிக்கும் நடுவில் என்ன நியாயம் என்று அது பேசுகிறது. எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது என்ன என்று யார் பேசுவார்கள்?

தப்பு தன்னுடையது என்று கம்பெனிக்கு எழுதுகிறேன் என்று சின்னவள் அழுதாள். "எழுதாதடி, உன் ஐடியும் பூடும்" என்று நான்தான் தடுத்தேன். அதற்குப் பிறகு அவளுக்கு என் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. மற்ற மூவரும் பயந்துபோய், இதைச் சங்கம் கிங்கம் என்று யாராவது சொல்லிவிட்டால் வம்பு என்று, ஒவ்வொருவராகக் குரூப்பை விட்டுப் போனார்கள். கடைசியாகப் போனவள் சின்னவள். தடுத்தது நான்தான், கோபப்படுகிறவளும் நான்தான். இதில் என்ன நியாயம் இருக்கிறது? ஆனாலும் ஒரு போன் பண்ணக் கூடாதா என்று மாதக்கணக்கில் மனசு கொதித்தது.

இப்போது பக்கத்து ராபர்ட்சன்பேட்டையில் எப்போதாவது கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்யக் கூப்பிடுகிறார்கள். மற்ற நாளெல்லாம் வீட்டில்தான். குக்கர் விசிலடித்தால் "வர்றேன் வர்றேன்" என்று அதற்குப் பதில் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். வேலைக்குப் போகிற நாளில் அந்தக் காலிக் குரூப்பில் "இறங்கிட்டேன்" என்று போடுவேன், வெளியே வந்ததும் "ஏறிட்டேன்." ஒற்றை டிக்கோடு இரண்டும் நிற்கும். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும், விரல் கேட்கிறதில்லை.

போன வியாழக்கிழமை மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். போன் சத்தம் போட்டது. சின்னவள். குரூப்பில் இல்லை, என் நம்பருக்கு. அக்கா என்றில்லை, எப்படி இருக்கிறாய் என்றில்லை.

"இறங்கிட்டேன்."

வந்த கோபத்துக்கு அளவில்லை. எட்டு மாதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்துவிட்டு இன்றைக்கு என்னடி என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். இரண்டு நிமிடத்தில் நிமிர்த்தி வைத்தேன். சோற்றைத் தட்டில் போட்டேன், கை வைக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். ஒன்றே கால் மணி நேரம். செருப்பை மாட்டிக்கொண்டேன். பெங்களூரில் இருக்கிறவளுக்காக இங்கே செருப்பை மாட்டி என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமலே, வீட்டுச் சாவியையும் எடுத்துக்கொண்டு நின்றேன்.

"ஏறிட்டேன்க்கா" என்று வந்தது. பின்னாலேயே, "நீ இன்னா பண்றே?"

கண்ணீர் திரையை மறைத்தது. துடைத்துக்கொண்டு டைப் அடித்தேன்: "இங்கதான் கீறேன். அடுத்த வாட்டி ஒடனே போடு."

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டேன்.