தலையில் கட்டக் கூடாத பட்டு

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இயந்திரங்களில் வழியும் எண்ணெயைத் துடைப்பதற்கு மூட்டை மூட்டையாகப் பழந்துணி வாங்குவார்கள். வெளிநாட்டில் யாரோ உடுத்திக் கழித்த பனியன், சட்டை, படுக்கை விரிப்பு எல்லாம் கிழிபட்டுக் கட்டாக வந்து இறங்கும். பருத்தி எண்ணெயைக் குடிக்கும், பட்டு குடிக்காது. மூட்டையில் பட்டு வந்தால் தொழிலாளிகள் திட்டிக்கொண்டே அதை மூலையில் எறிவார்கள். அங்கே ஓர் ஆலையில் சாமான் கிடங்கு என் பொறுப்பில் இருந்தது. அப்படி எறிந்த குவியலிலிருந்துதான் என் முதல் ஸ்கார்ஃபை எடுத்தேன்.

சதுரமான பட்டு. வெள்ளைப் பரப்பில் கப்பல்காரர்களின் சைகைக் கொடிகள் வரிசையாக இருந்தன. சிவப்பும் வெள்ளையும் குறுக்காக வெட்டியது, நீலத்தில் வெள்ளைச் சதுரம் வைத்தது, முழு மஞ்சள். சுற்றிலும் கயிறு முறுக்கியது போன்ற கரை. ஒரு மூலையில் அதை வரைந்த ஓவியரின் கையெழுத்து. ஓரத்தை இயந்திரத்தில் மடித்துத் தைக்கவில்லை; யாரோ ஒரு பெண் விரலால் சுருட்டிச் சுருட்டிக் கையால் தைத்திருந்தாள். எப்படியோ கத்தரிக்குத் தப்பி வந்திருந்தது. போல்ட், கிரீஸ், ரப்பர் வளையம் என்று வாழ்ந்தவன் நான். அந்தத் துணியை வீட்டுக்கு எடுத்துவந்து விளக்கடியில் விரித்தபோது, இந்த உலகத்தில் எனக்கென்று ஒரு பொருள் கிடைத்துவிட்டது என்று தோன்றியது.

பிறகு அது வளர்ந்தது. படித்தவன் என்பதால் தேடித் தேடிப் படித்தேன். எந்த நாட்டுத் தையலில் ஓரம் முன்பக்கமாகச் சுருளும், எதில் பின்பக்கமாகச் சுருளும் என்று தெரிந்துகொண்டேன். ஓய்வு பெற்ற பின் இணையத்தில் ஏலம் எடுத்தேன். பெரிய வடிவமைப்பாளர்களின் பழைய ஸ்கார்ஃபுகள்தான், அதிலும் கப்பல் கொடி போட்டவை மட்டும். திருநின்றவூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் உள் அறையில் அதற்கென்று ஒரு பீரோ வாங்கினேன். ஒவ்வொன்றுக்கும் இடையே வெள்ளைத் தாள், மூலையில் வசம்புத் துண்டு. தொடும் முன் கை கழுவ வேண்டும். என் மனைவி அந்த அறையில் தலை வார மாட்டாள். முடி பறந்து விழும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

அவளுக்கு அந்தக் கொடிகளின் பொருளெல்லாம் தெரியும். நான் சொல்லிச் சொல்லிக் கேட்டவள். மஞ்சள் கொடி ஏற்றினால், "என் கப்பலில் நோய் இல்லை, துறைமுகத்துக்குள் விடுங்கள்" என்று அர்த்தம். இதைச் சொன்ன அன்று, "பொய்யா ஏத்திக்கினு வந்தா?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. நான் அடுத்த கொடிக்குப் போய்விட்டேன்.

அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. ரயில் ஏறிச் சென்னைக்குப் போய்க் கீமோ ஏற்றிக்கொண்டு வந்தோம். முடி முழுவதும் போனது. புருவமும் போனது, கண்ணிமை மயிரும் போனது. சவுரி மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அரிக்கிறது என்று கழற்றிவிட்டாள். திருவள்ளூர்க் கடைத்தெருவில் வாங்கிய நைலான் துணி வேர்த்துக் கொட்டியது. பருத்தித் துண்டு, தோல் உரிந்த மண்டையில் உப்புத்தாள் போல உரசியது. மருத்துவமனையில் ஒரு நர்ஸ், "வழவழன்னு பட்டுத்துணி இருந்தா கட்டிக்கோங்கம்மா" என்று சொல்லியிருக்கிறாள். இதை அவள் என்னிடம் உடனே சொல்லவில்லை. அவளுடைய தம்பி மகளின் கல்யாணம் நெருங்கிய பிறகுதான் சொன்னாள்.

"இன்னாங்க, அந்த பீரோவுலேந்து ஒண்ணு குடுங்களேன். கல்யாணத்துக்கு மட்டும். நெத்தி வரைக்கும் எறக்கிக் கட்டிக்கினா புருவம் இல்லாததும் தெரியாது."

"அது கட்டிக்கிறதுக்கு இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு? தலையில கட்டத்தானே அந்த வெள்ளக்காரங்க செஞ்சி வச்சிக்கிறாங்க?"

"வேர்வை பட்டா சாயம் எறங்கிடும். கறை பட்டுடும்."

"எந்தலையில இப்ப எண்ணெகூட இல்லீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கிழிந்தது, மங்கியது என்று ஒன்றிரண்டு இருந்தன. அதைக்கூட எடுத்துக்கொடுக்க மனம் வரவில்லை.

மறுக்கிறவனுக்குக் காரணம் வேண்டும். படித்தவனுக்கு நல்ல காரணமாகக் கிடைத்துவிடும். அவள் தம்பி ஏற்கெனவே தொலைபேசியில் கெஞ்சியிருந்தான். பெண்ணின் அத்தைக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், ரத்தத்தில் வருகிற நோய் என்று பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்களாம். எப்படியாவது மறைக்க வேண்டும். நான் சொன்னேன்:

"தலையில துணி கட்டிக்கினு போனா ஊரே இன்னாது இன்னாதுன்னு கேக்கும். திருத்தணியில மொட்டை போட்டேன்னு சொல்லிக்க. சந்தனத்தைப் பூசிக்கினு போ. ஒரு ஆளு கேக்காது."

எங்கள் பக்கத்தில் அது நம்பக்கூடிய பேச்சுதான். வேண்டுதல் மொட்டையை யாரும் துருவ மாட்டார்கள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். தம்பிக்கும் யோசனை பிடித்தது. எல்லாரும் என்னைப் புத்திசாலி என்றார்கள். அவள் மட்டும் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்தன்று காலை சந்தனத்தை நானே குழைத்துப் பூசினேன். மருந்து சுட்ட தோல். முதல் விரல் பட்டதும் உடம்பு தூக்கிப் போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பூசி முடித்துக் கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "மஞ்சக் கொடி ஏத்திட்டீங்க. கப்பல்ல நோவு இல்ல, உள்ள வுடுங்கோ" என்றாள். பிறகு மை பென்சிலை எடுத்துப் புருவம் வரைந்துகொண்டாள். ஒன்று மேலே போய்விட்டது. அழித்து மறுபடி வரைந்தாள்.

மண்டபம் திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே புதிதாகக் கட்டியது. தகர ஷீட் கூரை. பத்து மணிக்கெல்லாம் அடுப்புபோல் ஆகிவிட்டது. ஆரம்பத்தில் என் யோசனை நன்றாகவே வேலை செய்தது. சொந்தக்காரப் பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"இன்னா வேண்டுதல்க்கா?"

அதற்கு அவளுக்குப் பதில் சொல்லிக்கொடுக்க நான் மறந்திருந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவரு நல்லா இருக்கணும்னுதான்" என்றாள்.

"மாமா, நீங்க குடுத்து வச்சவரு!" என்றது ஒரு குரல். இன்னொருத்தி, "என் ஊட்டுக்காரருக்காக நான் நகங்கூட வெட்ட மாட்டேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நலங்கு வைக்க மணப்பெண்ணை உட்கார வைத்தார்கள். அவர்கள் வீட்டு வழக்கப்படி முதலில் அத்தைதான் வைக்க வேண்டும். அவள் எழுந்து வந்தாள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. வேர்வை வெடிப்புகளின் வழியே வழிந்து, நெற்றியில் இறங்கி, வரைந்த புருவத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது. கறுப்பு மை கண்ணோரம் இறங்கியதை அவள் அறியவில்லை. முன்வரிசையில் இருந்த பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, முருகன் முடியத்தானே கேட்டாரு? புருவத்தையும் சேத்து வாரிக்கினாரா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி சிரிப்பை நிறுத்தி, உற்றுப் பார்த்து, இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள். அதை என் மைத்துனன் பார்த்துவிட்டான். ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்தான்.

"அக்கா, செத்த உள்ள போய் உக்காரு."

"நலங்கு வைக்கணும்டா. நான்தானே மொதல்ல?"

"வேற யாராச்சும் வைப்பாங்க. உன் கால்ல வேணா உழறேன். போக்கா."

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் வைக்கட்டும்டா என்றால் அவன் என்னை மீறியிருக்க மாட்டான். நான் சொன்னது, "தம்பி சொல்றது சரிதான். போய் உக்காரு."

போனாள். சமையல் சாமான் வைத்திருந்த அறையில், வாழையிலைக் கட்டுகளுக்கும் கத்திரிக்காய் மூட்டைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தாலி கட்டும்போது கெட்டிமேளச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். முதல் பந்தியில் நான் சாப்பிட்டேன். வடை நன்றாக இருந்தது என்பது நினைவிருக்கிறது. அது நினைவிருப்பதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இத்தோடு நிறுத்தினால் நான் கஞ்சன், கோழை என்ற அளவில் முடிந்துவிடும். இன்னும் இருக்கிறது.

மாப்பிள்ளையின் சித்தப்பா காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை செய்பவர். நிச்சயதார்த்தத்தில் பழக்கமாகி, என் சேகரிப்பைப் பற்றி ஆர்வமாகக் கேட்டிருந்தார். கொடிகளைப் பற்றிப் பேச எனக்கு ஓர் ஆள் கிடைப்பது அபூர்வம். அவருக்குக் காட்டுவதற்காக இருப்பதிலேயே நல்ல ஸ்கார்ஃபைத் தாளில் சுற்றி என் கைப்பையில் கொண்டுவந்திருந்தேன். ஆம், அன்று காலை சந்தனம் குழைத்த அதே கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அதை மடித்து வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பின் மண்டபத்தின் பக்கத்துத் தாழ்வாரத்தில் அதை விரித்தேன். அவர் கொடி கொடியாக விரல் வைத்துப் படித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். நல்ல நிறம், தலைக்குக் குளித்து விரித்துவிட்ட கூந்தல்.

"ஐயோ, எவ்ளோ அழகா இருக்குது! ஒரு தடவ கட்டிப் பாக்கலாமா சார்?"

"தாராளமா" என்றேன்.

தாராளமா என்றுதான் சொன்னேன். முக்கோணமாக மடித்து, எப்படிக் கட்ட வேண்டும் என்று நானே காட்டிக் கொடுத்தேன். அவள் நெற்றி வரை இறக்கிக் கட்டி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டு, கைபேசியைத் தூக்கிப் பிடித்து விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டாள். "சினிமா ஸ்டாரு மாதிரி இருக்கறேனா?" என்று புருஷனைக் கேட்டாள். "பழைய படத்துல மாமியாரா வருவாங்களே, அவங்க மாதிரி" என்றார் அவர். நாங்கள் மூவரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, சாமான் அறைக் கதவருகே என் மனைவி நின்றிருந்தாள். கையில் காலி டம்ளர். தண்ணீர் கேட்க வந்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் தலையை ஒருமுறை பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். டம்ளரோடு உள்ளே திரும்பிவிட்டாள்.

திருவாலங்காடு ஸ்டேஷனில், பிளாட்பாரக் குழாயில் சந்தனத்தைக் கழுவினாள். உள்ளே தோல் ரத்தச் சிவப்பாகக் கன்றியிருந்தது. சேலைத் தலைப்பால் ஒற்றி, அதையே தலையில் போட்டுக்கொண்டாள். ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். திருவள்ளூர் தாண்டியதும் ஒரே ஒரு வார்த்தை பேசினாள்.

"அந்தம்மாவுக்கு நல்லா இருந்திச்சி."

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு ஒரு வாய் கஞ்சி வைத்துக் கொடுத்தேனா? இல்லை. விளக்கைப் போட்டு, ஸ்கார்ஃபை விரித்து, அந்தப் பெண்ணின் ஹேர்பின் எங்கேயாவது பட்டைக் குத்தியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் தேடினேன். குத்தவில்லை. நிம்மதியாக இருந்தது.

கடவுள் அவளைக் காப்பாற்றினார். எனக்காக இல்லை என்பது நிச்சயம். முடி திரும்ப முளைத்தது, வெள்ளையாகவும் சுருட்டையாகவும். அந்தக் கல்யாண நாள் எனக்குள் உறைக்க அதற்குப் பிறகும் நீண்ட காலம் ஆனது. பெரிய ஞானம் எதுவும் வரவில்லை. ஒருநாள் பீரோவைத் திறந்தேன். கொடி எதுவும் கண்ணில் படவில்லை. காலி டம்ளரோடு நின்ற அந்த மஞ்சள் தலைதான் தெரிந்தது. அதே ஸ்கார்ஃபை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நீட்டினேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"கறை பட்டுடும்ங்க" என்றாள்.

"எல்லாத்தையும் வித்துடட்டுமா?"

"எதுக்கு? இருக்கட்டும். நான் இருக்கற வரைக்கும் இருக்கட்டும்."

அதிலிருந்து அந்த பீரோவின் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். தாள் மாற்றுகிறாள், வசம்பு மாற்றுகிறாள். எனக்கு இப்போது அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவளோ, யார் வந்தாலும் காபி கொடுத்த கையோடு உள்ளே அழைத்துப் போய்க் காட்டுகிறாள். கொடிகளின் பொருளை நான் சொன்ன அதே வார்த்தைகளில் சொல்கிறாள். "தொட்டுப் பாருங்க, கைய கழுவிக்கினு. தலையில மட்டும் வச்சிடாதீங்க. சாருக்குத் தூக்கம் வராது" என்கிறாள். வந்தவர்கள் வேடிக்கை என்று சிரிக்கிறார்கள். நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் தம்பி மகள் வந்திருந்தாள், அன்று கல்யாணப் பெண்ணாக உட்கார்ந்திருந்தவள். அத்தை பட்டு கேட்டதும் நான் மறுத்ததும் அவளுக்குத் தெரியாது. வழக்கம்போல பீரோ திறந்தது. நானும் அன்று அறையில் இருந்தேன்.

"அத்த, இதுல ஒண்ண கட்டிப் பாக்கட்டா?"

"மாமாவக் கேளு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். என் மனைவியும் என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. பதில் தெரிந்த கணக்கைக் கேட்கிற வாத்தியார் போல அமைதியாக இருந்தாள்.

"கட்டிக்கம்மா" என்றேன்.

"பாத்தியா?" என்றாள் என் மனைவி, அந்தப் பெண்ணின் தலையில் பட்டைப் போட்டு நெற்றி வரை இழுத்துவிட்டபடி. "கேட்டா குடுப்பாரு உங்க மாமா. வாயத் தொறந்து கேக்கணும், அவ்ளோதான்."