விட்டுப்போன ‘சீமை’

கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு ஒரு பெண் கண்மாய்க்கரையில் நின்றால் எங்கள் ஊர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, “இடம் பாக்க வந்தீங்களா?” என்பதுதான். இரண்டாவது, “பிளாட் போடப் போறாங்களாம்மா?” பறவையைப் படம் எடுக்கிறேன், பூவைப் படம் எடுக்கிறேன் என்று சொன்னால் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்ப்பார்கள். பிறகு மூன்றாவது கேள்வி வரும். “எதுக்கு?”

இத்தனை வருடத்தில் அந்த “எதுக்கு” பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று கோபம் வரும். கோயிலுக்குப் போகிறவளிடம் எதுக்கு என்று கேட்கிறார்களா? மாலுக்குப் போகிறவளிடம் கேட்கிறார்களா? ஒரு கொக்கைப் பார்க்க மட்டும் நான் காரணம் சொல்ல வேண்டுமாம்.

நான் கே.கே. நகரில் ஒரு கிளினிக்கின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு விடுமுறை. விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்தக் கண்மாய்க்குப் போய்விடுவேன். கரையில் ஏறி நின்றால் திருப்பரங்குன்றம் மலை தெரியும், அதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த முகூர்த்தத்துக்குள் ட்ரோனும் கையுமாகக் கல்யாண ஜோடிகள் வந்து இறங்கிவிடுவார்கள்.

சித்திரையில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பார்க்கிறவர்கள் ஒன்றுமில்லை என்பார்கள். அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிட்டுவிட்டு, நான் ஒரு அடி வைத்தால் ஊரையே கூட்டும். கரையோரச் சரக்கொன்றை இலையை எல்லாம் கொட்டிவிட்டு மஞ்சளாகத் தொங்கும். ஆடியில் காற்று ஒரு பூவையும் நிற்க விடாது. ஆவாரம்பூவை எடுக்கக் குத்தவைத்து உட்கார்ந்தால் கண்ணில் மண்தான் விழும், காற்றைத் திட்டிக்கொண்டே திரும்புவேன். ஐப்பசி மழை விழுந்த மறுநாள் சிவப்பு வெல்வெட் பூச்சிகள் புல்லுக்குள்ளிருந்து வரும். வேலியில் செங்காந்தள் ஏறும். கார்த்திகையில் தண்ணீர் நிறையும். அப்புறம்தான் எனக்குத் திருவிழா.

கண்மாய்க்குள் ஒரு கருவேலந்தோப்பு இருந்தது. தண்ணீர் இடுப்பளவுக்கு ஏறி அந்த மரங்கள் நின்றபடியே குளிக்கும். கொக்கும் வக்காவும் நீர்க்காகமும் கிளை கிளையாகக் கூடு கட்டும். கீழே தண்ணீர், மேலே விரல் நீளத்துக்கு வெள்ளை முள். பாம்பும் மனுஷனும் ஏறுவதற்கு முன் யோசிக்கிற இடம். தை மாதத்தில் குஞ்சுகளின் சத்தம் கரை வரைக்கும் கேட்கும். நான் எடுத்த நல்ல படங்களில் பாதி அந்தத் தோப்பில் எடுத்தவை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் கருவேலத்தில் இரண்டு உண்டு. ஒன்று நாட்டுக் கருவேலம். உருண்டையாக மஞ்சள் பூ, வெள்ளை முள், மணி கோத்த மாதிரி காய். இன்னொன்று சீமைக் கருவேலம், வெளியிலிருந்து வந்து கண்மாய், தரிசு, ரோட்டோரம் என்று எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டது. அதன் பூ கம்பளிப்பூச்சி போல நீளமாக இருக்கும். காயில் மணியெல்லாம் கிடையாது, நீட்டுக்கு ஒரே காய். இரண்டும் வேறு வேறு மரம். ஆனால் பேச்சில் நாங்கள் இரண்டையுமே “கருவ” என்று முடித்துவிடுவோம். சோம்பேறி நாக்கு.

எங்கள் ஏரியாவின் குடியிருப்போர் சங்கம், மழைக்கு முன்னால் அந்தக் கண்மாயில் சீமைக் கருவேலத்தை எடுத்துவிட்டு, கரையில் நடைபாதை போடுவது என்று முடிவு செய்தது. நான் எதிர்க்கவில்லை. சீமைக் கருவேலம் மேல் எனக்கு ஒரு பாசமும் கிடையாது. சங்கச் செயலாளர் வீட்டு மொட்டைமாடியில் கூட்டம் நடந்தது. வடையும் காப்பியும் கொடுத்தார்கள். நான் இரண்டு பூவின் படத்தையும் போனில் காட்டி, இது வெட்ட வேண்டியது, இது தொடவே கூடாதது, இதில்தான் பறவை கூடு கட்டும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். செயலாளர் சிரித்த முகத்துக்காரர், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

“மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும். அந்த ரெண்டு படத்தையும் எனக்கு அனுப்பிவிடுங்க. பேனர்ல போட்டுருவோம்” என்றார்.

அனுப்பினேன். இரண்டு படத்துக்கும் கீழே பெயரையும் எழுதி அனுப்பினேன்.

அடுத்த வாரம் தெருமுனையில் ஃப்ளக்ஸ் எழுந்தது. சங்க உறுப்பினர்கள் வரிசையாகக் கைகூப்பி நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேல் கொட்டை எழுத்தில், “கருவேல மரங்களை வேரோடு ஒழிப்போம்! கண்மாயைக் காப்போம்!” பக்கத்தில் நான் எடுத்த படம். உருண்டை மஞ்சள் பூ. அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

ஸ்கூட்டரை அங்கேயே நிறுத்திவிட்டு செயலாளருக்குப் போன் போட்டேன்.

“சார், சீமை எங்க சார்?”

“என்ன சீமை மேடம்?”

“கருவேலத்துக்கு முன்னாடி இருக்கணும்ல, அந்தச் சீமை.”

“ஓ, அதைச் சொல்றீங்களா. எழுத்தைப் பெருசாப் போட்டா இடம் பத்தலைன்னு ஃப்ளக்ஸ் கடைக்காரர் சொன்னாரு. அதுக்காக நம்ம உறுப்பினருக போட்டோவைச் சின்னதாக்க முடியுமா? கோவிச்சுக்கிருவாக. ஒரு வார்த்தைதானே மேடம், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

“படம்? அதுவும் மாறியிருக்கு சார்.”

“ரெண்டு அனுப்பியிருந்தீங்கள்ல, இது பளிச்சுன்னு இருந்துச்சு. பாக்குறவங்களுக்குப் பிடிக்கணும்ல?”

“ஒழிக்கவேண்டிய மரம் பாக்குறவங்களுக்கு எதுக்கு சார் பிடிக்கணும்?”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “மேடம் நல்லா தமாஷாப் பேசுறீங்க. மாத்திருவோம், மாத்திருவோம்.”

ஒரு வார்த்தைதானாம். என் வேலையில் ஒரு சீட்டில் ஓ நெகட்டிவ் என்று எழுத வேண்டும். இடம் பத்தவில்லை என்று நெகட்டிவ்வை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியுமா? ஒரு சொல் விட்டுப்போனால் ஆள் செத்துப்போவான். அன்று ராத்திரி வீட்டில் இதையே சொல்லிச் சொல்லிப் பாத்திரத்தை உருட்டினேன். “கருவ மரத்துக்கு வக்கீல் வந்துட்டா” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். அவர் மீதும் எரிந்து விழுந்தேன்.

பேனர் மாறவில்லை. பதிலாக ஒரு வேலை நாளில், நான் கூடத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் ஜேசிபிக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைக்கும் படம் வந்தது. எல்லோரும் கைதட்டும் பொம்மையாகப் போட்டுத் தள்ளினார்கள். தலைவலி என்று பொய் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தோப்பு இல்லை.

தோப்பு இருந்த இடம் இருந்தது. வேரோடு பெயர்ந்த மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. புரட்டாசி மாதம், எல்லாக் கொப்பிலும் பூ. போன வருடத்துக் கூடுகளின் சுள்ளி மண்ணில் சிதறிக் கிடந்தது. ஜேசிபி, மடைப் பக்கம் மிச்சம் நின்ற மூன்று மரங்களை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. நான் அதன் முன்னால் போய் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். “யக்கா, தள்ளி நில்லுங்க. கொப்பு மேல விழுந்துறப் போகுது.”

“யாருய்யா இந்த மரத்தை எடுக்கச் சொன்னது?”

“சொன்ன மரத்தைத்தான்க்கா எடுக்குறேன்.” அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “இந்தா பாருங்க, சாரு படமே அனுப்பியிருக்காரு. உருண்டப் பூ, வெள்ள முள்ளு. ஒவ்வொரு மரத்துக்கும் இறங்கி வந்து பாத்துப் பாத்துத்தான் எடுத்தேன். ஒண்ணுகூடத் தப்பு வரலக்கா. அந்தா, அங்கிட்டு நிக்குது பாருங்க, அதுல பூவு நீட்டமா இருக்கு. படத்துல இருக்க மாதிரி இல்ல. அதை நான் தொடவே இல்ல.”

நான் திரும்பிப் பார்த்தேன். சீமைக் கருவேலம் ஒரு கொப்பு ஒடியாமல் கரை நெடுக நின்றது.

அந்த மனுஷன் மேல் எனக்குக் கோபப்பட வழியில்லை. வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். அந்தப் படத்தையும் நான் ஒழுங்காகத்தான் எடுத்திருந்தேன். பூவில் ஒவ்வொரு இழையும் தெரிய வேண்டும், முள்ளின் நுனி வரைக்கும் துல்லியமாக வர வேண்டும் என்று காற்று நிற்கும்வரை முட்டி போட்டுக் காத்திருந்து எடுத்த படம். மங்கலாக எடுத்திருந்தால் ஒருவேளை பாதித் தோப்பாவது தப்பியிருக்கும்.

“இம்புட்டு நேரமா யாரும் ஒரு வார்த்தை சொல்லலையேக்கா” என்றார் ஓட்டுநர். அந்த மூன்று மரங்களை விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். செயலாளருக்குப் போன் போட்டேன். “ஒண்ணு ரெண்டு மாறி வந்திருக்கும் மேடம். அதுக்கு எதுக்கு இம்புட்டு சத்தம்?” என்றார். அன்று நான் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

மழை பெய்தது. கண்மாய் நிறைந்தது. கார்த்திகையில் பறவைகள் வந்தன. வந்து, தோப்பு இருந்த தண்ணீருக்கு மேல் சுற்றின. இறங்க இடமில்லாமல் மறுபடி சுற்றின. சில கொக்குகள் சீமைக் கருவேலத்தில் சுள்ளி வைத்துப் பார்த்தன, ஒல்லிக் கொப்பு காற்றில் ஆடி எல்லாம் தண்ணீரில் சரிந்தது. கடைசியில் மடைப் பக்கத்து மூன்று மரங்களில் அத்தனையும் வந்து அப்பிக்கொண்டன. ஒரு கிளையில் கொக்கு, அதற்கு இடித்துக்கொண்டு வக்கா, அதன் தலைக்கு மேல் நீர்க்காகம். நாள் முழுக்கச் சண்டை. மற்றவை எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் கேமராவோடு போய் அந்த மூன்று மரத்துக்கும் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

தை பிறந்ததும் செயலாளரிடமிருந்து போன். “மேடம், நடைபாதை திறப்பு விழா வருது. கரைச் சுவர்ல பறவைப் படம் வரையச் சொல்லியிருக்கோம். உங்ககிட்டதான் நிறைய இருக்குமே, நாலஞ்சு அனுப்புங்க. உங்க பேரையும் போட்டுருவோம்.”

போனைத் தூக்கி எறியாமல் இருந்ததற்கு எனக்கே நான் பாராட்டு விழா எடுக்க வேண்டும். “படம் எதுக்கு சார், நேர்லயே காட்டுறேன். ஞாயித்துக்கெழம வாங்க” என்றேன்.

வந்தார். நடைபாதைக்கென்றே வாங்கிய வெள்ளை ஷூ போட்டிருந்தார். மடைமேல் நின்று குஞ்சுகளைப் பார்த்ததும் மனுஷனுக்கு நிஜமாகவே சந்தோஷம். “அடேயப்பா, எம்புட்டு இருக்கு!” என்று பிள்ளை மாதிரி எண்ண ஆரம்பித்தார். பிறகு சொன்னார்: “ஆனா கீழ முள்ளா இருக்கே மேடம். இந்த மூணையும் ஏன் விட்டுட்டான்? குஞ்சு பறந்ததும் வெயில்ல ஆள் விட்டு எடுத்துருவோம். வாக்கிங் வர்றவங்களுக்குக் குத்தும்.”

“சார், போனை எடுங்க” என்றேன். “ஜேசிபிக்காரருக்கு அனுப்புனீங்களே, அந்தப் படத்தை எடுங்க.”

தேடி எடுத்தார். பக்கத்து மரத்தின் தாழ்ந்த கொப்பைக் காட்டினேன். கடைசிப் பூக்கள் இரண்டு மூன்று மிச்சமிருந்தன. போனைப் பார்த்தார், கொப்பைப் பார்த்தார். உருண்டைப் பூ, வெள்ளை முள். மறுபடி போனைப் பார்த்தார். பிறகு கரை நெடுக நிற்கும் சீமைக் கருவேலத்தைப் பார்த்தார். மேலே கத்திக்கொண்டிருந்த குஞ்சுகளைப் பார்த்தார். சிரித்த முகத்திலிருந்து சிரிப்பு இறங்குவதை அன்றுதான் பார்த்தேன்.

“மேடம்… அப்ப நாம எடுத்தது பூராம் இதுவா?”

“நாம இல்ல சார். நீங்க.”

மன்னிப்புக் கேட்பார் என்றுகூட நினைத்தேன். இப்போதுதான் சீமையை எடுக்க வேண்டும், இந்த மூன்றையாவது விட்டுவைப்போம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“விழாவுக்குப் பெரிய ஆளுகளெல்லாம் வர்றாக மேடம். ரெண்டும் கருவதானே, பாக்குறவனுக்கு வித்தியாசமா தெரியப் போகுது? இதையும் எடுத்துட்டா ஒரு பேச்சும் இல்ல. நீங்க வெளிய சொல்லாத வரைக்கும் யாருக்கும் தெரியாது.”

இதோ, வெளியே சொல்லிவிட்டேன். உருண்டைப் பூ, வெள்ளை முள், மணி கோத்த மாதிரி காய். மடைப் பக்கம் மூன்று மரம்.