கையில் தகரம், எதிரே மின்கம்பி

ஈஜிபுராவில் மாடி வீடு எங்களுக்கு. மழை வந்தால் கூரைத் தண்ணீர் நேராகக் கட்டிலில் கொட்டும். அன்று வானம் இருட்டியது, கணவரோ டியூட்டியில். பொறுக்காமல், தண்ணீரை வெளியே விட நானே ஒரு நீளத் தகரத்தை வாய்க்கால் போல மடிக்கத் துணிந்தேன். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் விளிம்பில் வைத்துத் தட்டினேன்.

காற்று தகரத்தைப் புரட்டி வெளியே தள்ளியது. பாய்ந்து ஓரத்தைப் பிடித்தேன். சந்துக்கு மேலே தொங்கிய தகரம் ஆடி ஆடி மின்கம்பியை நெருங்கியது. விட்டுவிடலாம் என்றால், கீழே பள்ளி விட்டு வரும் பிள்ளைகள்; அவர்களில் என் மகளும் இருப்பாள். தகரம் மறைத்ததால் எதுவும் தெரியவில்லை. உள்ளங்கை கிழிந்து, ரத்தத்தில் பிடி வழுக்கியது.

“அத்தை” என்று அலறினேன். கீழே மாமியார், “சைடிகே ஹோக்ரீ, தகடு பீளுத்தே”, ஓரமாகப் போங்க, தகரம் விழுது என்று கன்னடத்தில் எல்லோரையும் விலக்குவது கேட்டது.

“யாரும் இல்லம்மா, விட்டுடு.”

“பாப்பா?”

“எங்கிட்டதான் இருக்கா. விட்டுடு.”

கண்ணை மூடிக்கொண்டு விட்டேன். கம்பியில் படாமல், ஆளில்லாத சந்தில் தகரம் விழுந்த சத்தம் கேட்டதும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்போதெல்லாம் தகரம் மடிக்க வேண்டி வந்தால் கையுறை போட்டு, வீட்டுத் தரையில் மரக்கட்டை வைத்துத்தான் மடிக்கிறேன். அதற்குள் மழை வந்துவிட்டால் கட்டிலை நகர்த்திப் போடுகிறேன். அன்றும் அதைச் செய்திருக்கலாம்.